மெய்நிகர் விளையாட்டு ஏன் எம் வீடுகளுக்கு வரவில்லை?

தண்ணீரூற்றுச் சந்தியில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் கைத்தொலைபேசி இல்லாத கையைக் காண்பது அரிது. முள்ளியவளையிலும் நீராவிப்பிட்டியிலும் மாலை வேளைகளில் மதிலோரம் குந்தியிருக்கும் தம்பிமார் ‘ப்ரீ ஃபயர்’ விளையாடுகிறார்கள். அவர்களுடைய தங்கைமாருக்கும் அதன் விதிகள் மனப்பாடம். 2017 ஆம் ஆண்டில் வெளியான ஒரு விளையாட்டு, சில ஆண்டுகளுக்குள் வன்னியின் ஒழுங்கைகள் வரை வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே “இதோ வருகிறது, இதோ வருகிறது” என்று சொல்லப்பட்டு வரும் மெய்நிகர் விளையாட்டு இன்னும் வந்து சேரவில்லை. எமது ஊரில் மட்டும்தான் இந்த நிலை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும்கூட அது தொலைக்காட்சியைப் போலவோ கைத்தொலைபேசியைப் போலவோ வீட்டுப் பொருளாகவில்லை.

இதற்குக் காரணம் கேட்டால் பெரும்பாலானோர் “விலை அதிகம்” என்பார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மற்றக் காரணங்களைத் தேடிப் போனால் எமது கண், காது, வீடு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் பேச வேண்டியிருக்கிறது.

இரு கண்களும் ஒரு மாயமும்

முதலில் இக்கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். எமது இரு கண்களும் சில சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்திருப்பதால் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. மூளை இவ்விரு படங்களையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. இரு கண்களால் பார்ப்பது எவ்வாறு ஒரே காட்சியாகிறது என்ற கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ என்ற ஒளியியல் நூலில் ஆராய்ந்தார். 1838 இல் இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீற்ஸ்ரன், இரு கண்களுக்கும் இரு வேறு படங்களைக் காட்டினால் தட்டையான படமும் ஆழமுள்ளதாகத் தோன்றும் என்பதை ஒரு கருவி செய்து காட்டினார்.

இன்றைய மெய்நிகர் ஹெட்செட்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கண்களுக்கு முன்னால் சிறிய திரை, அதற்கு முன்னால் இரு வில்லைகள், தலையின் அசைவை அளக்கும் உணரிகள் என்பன அதன் உறுப்புகள். நீங்கள் தலையை இடப்பக்கம் திருப்பினால் திரையிலுள்ள உலகமும் அதற்கேற்பத் திரும்பும். ஆகவே திரையைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் மறைந்து, அவ்விடத்தில் நிற்கிறோம் என்ற உணர்வு பிறக்கிறது. தலை திரும்பியதற்கும் படம் மாறுவதற்கும் இடையில் ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் ஏற்பட்டால் மாயம் கலையத் தொடங்கும். இந்தத் தாமதத்தைக் குறைப்பதற்குத்தான் இத்துறை பல ஆண்டுகளாகப் பாடுபட்டது.

“வருகிறது” என்ற நீண்ட வரலாறு

1968 இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து, தலையில் அணியும் முதலாவது கணினித் திரையை உருவாக்கினார். அதன் இயந்திரப் பகுதி பாரமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. பின்னர் 1980 களில் ஜரோன் லானியர் இத்தொழினுட்பத்துக்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரைப் பிரபலமாக்கினார்.

1995 இல் ஜப்பானின் நின்ரென்டோ நிறுவனம் ‘வேர்ச்சுவல் போய்’ என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு நிறம் மட்டுமே தெரியும் அக்கருவியை மேசையில் வைத்து, குனிந்து முகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். கழுத்து வலி, கண் வலி, தலைவலி என்று முறைப்பாடுகள் வந்தன. உலகம் முழுவதும் 10 இலட்சம்கூட விற்கவில்லை. அடுத்த ஆண்டே அது நிறுத்தப்பட்டது.

2012 இல் பால்மர் லக்கி என்ற இளைஞர் ‘ஒக்குலஸ்’ என்ற ஹெட்செட்டுக்காக இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டார். 24 இலட்சம் டொலர் சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் பேஸ்புக் நிறுவனம் அதனை 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2016 இல் ஒக்குலஸ், எச்.ரி.சி., சொனி ஆகிய மூன்று நிறுவனங்களும் தத்தமது கருவிகளை வெளியிட்டன. “இது மெய்நிகரின் ஆண்டு” என்று பத்திரிகைகள் எழுதின.

நடந்தது என்ன? சொனியின் பிளேஸ்ரேசன் 4 விளையாட்டுக் கருவி 2019 இன் முடிவில் 10 கோடி 60 இலட்சம் விற்றிருந்தது. அதனுடன் இணைத்துப் பாவிக்கும் மெய்நிகர் ஹெட்செட் 50 இலட்சம் விற்றிருந்தது. அதாவது கருவியை ஏற்கெனவே வாங்கியிருந்த, விளையாட்டில் ஆர்வமுள்ளவர்களிலேயே 21 பேருக்கு ஒருவர்தான் ஹெட்செட் வாங்கினார். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றா, இத்துறைக்கான தன் பிரிவில் 2023 இல் மட்டும் 1600 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது. முதலீட்டுக்கும் விளம்பரத்துக்கும் குறைவிருக்கவில்லை என்பதற்கு இத்தொகையே சான்று.

விலை என்ற முதற் காரணம்

இலங்கையில் இருந்து கணக்குப் பார்த்தால் விலையின் பாரம் இன்னும் தெளிவாகத் தெரியும். மெற்றாவின் ‘குவெஸ்ற் 2’ ஹெட்செட் 2020 இல் 299 டொலருக்கு வந்தது. 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அப்போது அதன் விலை 60,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. கருவியில் எதுவும் மாறாமலே விலை 108,000 ரூபாயாயிற்று. ஓகஸ்ட் மாதத்தில் நிறுவனம் மேலும் 100 டொலர் கூட்டியதும் அது 143,000 ரூபாயைத் தாண்டியது. வரி, கொண்டுவரும் செலவு எல்லாம் இதற்கு வெளியே. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் யார் இதை நினைத்திருப்பார்கள்?

அப்பிள் நிறுவனம் 2024 இல் வெளியிட்ட ‘விஷன் புரோ’ 3,499 டொலர். டொலர் 300 ரூபாய் என்று கொண்டாலும் 10 இலட்சம் ரூபாயைத் தாண்டும். போருக்குப் பின்னர் வடக்கிலே இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட வழங்கப்பட்ட தொகை 550,000 ரூபாய். காலத்தால் பணத்தின் பெறுமதி மாறியது உண்மைதான். ஆனாலும் இவ்விரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஆனால் விலை மட்டுமே தடை என்றால், விலையில்லாத கருவி வென்றிருக்க வேண்டும். அப்படியொரு கருவியும் இருந்தது. 2014 இல் கூகிள் நிறுவனம் ‘காட்போட்’ என்ற பெயரில் ஒரு மட்டைப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. மட்டையை மடித்து, இரு வில்லைகளைப் பொருத்தி, கையிலிருக்கும் தொலைபேசியை உள்ளே செருகினால் போதும். சில டொலர்களே விலை. பாடசாலைகளுக்கென்று தனியான செயலியும் வந்தது. ஒன்றரைக் கோடிப் பெட்டிகள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. பெட்டியை வாங்கியவர்கள் ஒருமுறை பார்த்து வியந்தார்கள், இரண்டாம் முறை வீட்டாருக்குக் காட்டினார்கள், மூன்றாம் முறை எடுக்கவில்லை. 2021 இல் கூகிள் அதன் விற்பனையை நிறுத்தியது. ஆகவே விலைக்கு அப்பாலும் காரணம் தேட வேண்டும்.

கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போகும் பஸ்ஸில் புத்தகம் வாசித்துப் பார்த்தவர்களுக்கு ஒட்டுசுட்டான் வருமுன்னே தலை சுற்றத் தொடங்கியிருக்கும். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது. உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களும் அவற்றை ஒட்டிய சமநிலை உறுப்புகளும் “உடல் ஆடுகிறது, திரும்புகிறது” என்று மூளைக்குச் சொல்கின்றன. இரண்டு செய்திகளும் முரண்படும்போது மயக்கமும் குமட்டலும் உண்டாகின்றன.

மெய்நிகர் விளையாட்டில் இதன் மறுபக்கம் நடக்கிறது. நீங்கள் கதிரையில் இருக்கிறீர்கள். கண்ணோ “வேகமாக ஓடுகிறோம்” என்கிறது. உட்செவி “இல்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறோம்” என்கிறது. ஓட்டப்போட்டி, துப்பாக்கிச் சண்டை, உயரத்திலிருந்து பாய்தல் முதலியவைதான் தொலைக்காட்சித் திரையில் மிகவும் பிரபலமான விளையாட்டுகள். அவையே இங்கு அதிகமாகக் குமட்டலைத் தருகின்றன. 2018 இல் வந்த ‘பீற் சேபர்’ என்ற விளையாட்டு பெருவெற்றி பெற்றதற்கு ஒரு காரணம், அதில் விளையாடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்பதாகும். தன்னை நோக்கி வரும் கட்டிகளை இசைக்கேற்ப வெட்டுவதுதான் அவர் வேலை.

கண்ணுக்கும் தனியாக ஒரு சிரமம் உண்டு. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. கண் வில்லையும் அதே தூரத்துக்குக் குவிகிறது. இவ்விரண்டும் பிறவியிலிருந்தே ஒன்றாக இயங்கிப் பழகியவை. ஹெட்செட்டில் பொருள்கள் அருகிலும் தொலைவிலும் இருப்பதாகத் தோன்றினாலும் ஒளி வருவது ஒரே திரையிலிருந்து. கண்கள் திரும்புகின்றன, வில்லையோ ஒரே குவியத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரத்தில் கண் களைத்துப் போவதற்கு இது ஒரு காரணம். அரைக் கிலோ நிறையுள்ள கருவி நெற்றியிலும் கன்னத்திலும் அழுத்துவதையும், எமது வெப்பத்தில் வியர்வை வில்லையை மங்கச் செய்வதையும் இதனோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

யாருடைய தலைக்கு அளவெடுத்தார்கள்?

மாணவியரான நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 2017 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒக்குலஸ் ஹெட்செட்டில் ஒரு விளையாட்டை ஆணும் பெண்ணுமாக 36 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குமட்டல் ஏற்பட்டது. பெண்களிலோ நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் ஏற்பட்டது.

“பெண்கள் பலவீனமானவர்கள்” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் 2020 இல் கே ஸ்ரானி என்ற பெண் ஆய்வாளரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சராசரியாகப் பெண்களுக்கு அது ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் குறைவு. ஹெட்செட்டின் வில்லைகள் அந்தத் தூரத்துக்குப் பொருந்தாவிட்டால் கண்ணுக்குச் சிரமம் கூடும். அவர்கள் ஆராய்ந்த கருவி பெண்களில் பத்துக்கு மூவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பொருத்தமான அளவு கிடைத்தபோது ஆண் பெண் வேறுபாடு பெரிதும் மறைந்தது. குறை பெண்ணின் உடலில் இருக்கவில்லை. கருவியை வடிவமைத்தவர்கள் எடுத்த அளவில் இருந்தது.

ஹெட்செட்டின் பட்டிகளும் அப்படித்தான். அவை வெறுந்தலைக்கும் குட்டை முடிக்கும் ஏற்ப அமைந்தவை. ஹிஜாப் அணிந்தவர் போட்டால் பட்டி துணியின்மேல் வழுக்கும், கருவி கீழிறங்கும், படம் மங்கும். கொண்டை போட்டவருக்கும் தடித்த கண்ணாடி அணிந்தவருக்கும் இதே தொல்லைதான். இவை பெரிய விஞ்ஞானச் சிக்கல்கள் அல்ல. வடிவமைக்கும் மேசையில் இப்படிப்பட்ட தலையுடைய ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளிலேயே சொல்லியிருப்பார்.

இடமும் மின்சாரமும்

நின்று விளையாடும் மெய்நிகர் விளையாட்டுக்கு இரண்டு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமுமான வெற்றிடம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே பரிந்துரைக்கிறார்கள். அது ஏறத்தாழ 43 சதுர அடி. இந்திய வீடமைப்புத் திட்ட வீட்டின் பரப்பு 550 சதுர அடி. அப்படியானால் வீட்டின் பதின்மூன்றில் ஒரு பங்கைக் கதிரை, மேசை, தையல் இயந்திரம், உறங்கும் தம்பி எதுவுமின்றி வெறுமையாக வைத்திருக்க வேண்டும். ஐந்தாறு பேர் வாழும் வீட்டில் அது நடக்கிற காரியமா? தோக்கியோவிலும் ஹொங்கொங்கிலும் அடுக்குமாடிகளில் வாழ்வோருக்கும் இதே பிரச்சினை உண்டு. வெளியே முற்றத்தில் விளையாடலாம் என்றால் கடும் வெயில் வில்லைவழியாகக் குவிந்து திரையைப் பழுதாக்கிவிடும் என்று நிறுவனங்கள் எச்சரிக்கின்றன.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு நடந்தது. ஹெட்செட்டின் மின்கலம் இரண்டு மூன்று மணி நேரமே தாங்கும். பெரிய விளையாட்டுகளைத் தரவிறக்க வேகமான இணைய இணைப்பும் வேண்டும். கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புக்காகச் சிக்னல் தேடி அலைந்த எமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தனிமை என்ற தடை

கரம் போர்ட்டில் நான்கு பேர் விளையாடினால் எட்டுப் பேர் சுற்றி நின்று புத்தி சொல்வார்கள். கிளித்தட்டில் ஓடுபவரைவிடக் கரையில் நின்று கத்துபவர்களுக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். கைத்தொலைபேசி விளையாட்டையும் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கலாம். உம்மா கூப்பிட்டால் மறுகணமே கீழே வைக்கலாம்.

ஹெட்செட் அணிந்தவருக்கோ வீடு மறைந்துவிடுகிறது. பக்கத்தில் யார் வந்தார்கள், யார் படம் எடுக்கிறார்கள், அடுப்பில் என்ன கருகுகிறது என்று தெரியாது. பார்ப்பவருக்கோ காற்றில் கை வீசும் ஒருவர் மட்டுமே தெரிகிறார். ஒரு பெண்பிள்ளை தன் கண்ணையும் காதையும் முழுமையாக மூடிக்கொண்டு நிற்பதற்கு அவ்விடம் பாதுகாப்பானது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி எல்லா இடத்திலும் எமக்குக் கிடைப்பதில்லை.

மெய்நிகர் உலகின் உள்ளேயும் நிலைமை நல்லதாக இருக்கவில்லை. மெற்றாவின் ‘ஹொரைசன் வேர்ல்ட்ஸ்’ உலகம் சோதனை நிலையில் இருந்தபோது, 2021 இன் இறுதியில், அந்நியர் ஒருவரின் மெய்நிகர் உருவம் தன் உருவத்தைத் தகாத முறையில் தொட்டதாக ஒரு பெண் முறையிட்டார். உண்மை உடலில் யாரும் தொடவில்லை என்பது சரிதான். ஆனால் “நான் அங்கே நிற்கிறேன்” என்ற உணர்வைத் தருவதே அக்கருவியின் பெருமை என்றால், அவமானமும் அதே அளவு உண்மையாகத்தான் உறைக்கும். 2022 பெப்ரவரியில் நிறுவனம் ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் ஏறத்தாழ நான்கு அடி இடைவெளியை ஏற்படுத்தியது. வாசலுக்குக் கதவு போட்டது நல்லதே. ஆனால் வீடு கட்டும்போதே போட்டிருக்க வேண்டிய கதவு அது.

கோழியா முட்டையா?

இத்தனைக்கும் மேலே ஒரு வணிகச் சிக்கலும் உண்டு. பாவனையாளர் குறைவு என்பதால் பெரிய நிறுவனங்கள் பணம் செலவழித்து நல்ல விளையாட்டுகளைச் செய்யத் தயங்குகின்றன. நல்ல விளையாட்டுகள் குறைவு என்பதால் மக்கள் கருவியை வாங்கத் தயங்குகிறார்கள். 2020 இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹாஃப் லைஃப் அலிக்ஸ்’ மிகச் சிறந்த மெய்நிகர் விளையாட்டு என்று பாராட்டப்பட்டது. அந்த ஒரு விளையாட்டுக்காக ஹெட்செட்டும் அதனை இயக்கும் விலையுயர்ந்த கணினியும் வாங்கக் கூடியவர்கள் எத்தனை பேர்?

‘ப்ரீ ஃபயர்’ எப்படி ஒழுங்கைக்குள் வந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அதற்கென்று யாரும் கருவி வாங்கவில்லை. கதைப்பதற்கும் படம் எடுப்பதற்கும் வகுப்புக்கும் வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவின் முகம் பார்ப்பதற்கும் வாங்கிய தொலைபேசி ஏற்கெனவே கையில் இருந்தது. விளையாட்டு அதன்மேல் இலவசமாக ஏறிக்கொண்டது. பத்துத் தேவைகளுக்குப் பயன்படும் பொருள் பதினோராவதாக விளையாட்டையும் சுமக்கும். விளையாட்டுக்கென்று மட்டும் வரும் பொருள் அலுமாரிக்குத்தான் போகும்.

எங்கே பயன்படுகிறது?

மெய்நிகர் தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ஹன்ரர் ஹொஃப்மன் குழுவினர் தீக்காயமடைந்தவர்களுக்குப் பனி உலகம் ஒன்றைக் காட்டி, காயத்துக்கு மருந்து கட்டும் வேளையில் வலி குறைவதைக் கண்டார்கள். விமானிகளும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களும் ஆபத்தின்றிப் பழகுவதற்கு இதனைப் பாவிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2022 இல் இத்துறைக்கெனத் தனி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. பார்வையோடு தொடுகை உணர்வையும் தருவது அங்கு நடைபெறும் ஆய்வுகளில் ஒன்று.

இந்த இடங்களுக்குப் பொதுவான இயல்புகள் உண்டு. பாவிக்கும் நேரம் குறைவு, தேவை உண்மையானது, ஒரு கருவியைப் பலர் மாறி மாறிப் பாவிக்கிறார்கள், பக்கத்தில் உதவிக்கு ஒருவர் நிற்கிறார். வீட்டு விளையாட்டில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. ஆகவே இக்கருவி வன்னிக்கு வருமானால் வீட்டு வாசல் வழியாக அல்லாமல், பாடசாலை ஆய்வுகூடம் அல்லது வைத்தியசாலை வழியாக முதலில் வரக்கூடும். இரசாயன ஆய்வுகூட வசதியில்லாத பாடசாலையில் ஒரேயொரு ஹெட்செட், ஆளுக்குப் பத்து நிமிடம், ஆசிரியர் அருகில் என்றிருந்தால் அது விளையாட்டைவிடப் பெரிய பயன்.

ஒரு தொழினுட்பம் பரவாமல் இருப்பதைக் கண்டு “நாம் பின்தங்கிவிட்டோம்” என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கில் செலவழித்தும் ஒரு பொருள் மனிதரின் வீட்டுக்குள் நுழையவில்லை என்றால், அந்தப் பொருள் மனிதரின் காதையும் கண்ணையும் வீட்டையும் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. படித்துச் சொல்ல ஆட்கள் தேவை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவையும் உயிரியலையும் தெரிவு செய்யும் எம் சகோதரிகளுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. அடுத்த ஹெட்செட்டுக்கு அளவெடுக்கும்போது, அந்த மேசையில் அளவுநாடாவைப் பிடிக்கும் கைகளில் ஒன்று எம்முடையதாக இருக்கட்டும்.